நங்கூரப்புள்ளி

முதலில் எல்லா நாய்களும் சிவப்புச் சொட்டுகளாக இருந்தன.
வடசேரியில் நாற்பத்தொன்று,
கோட்டாற்றில் அறுபத்திரண்டு,
மணக்குடிப் பாலத்தடியில் ஒன்பது.
வலையைத் தோளில் போட்டபடியே
சதக்கு என் போனை வாங்கிப் பார்த்தான்.
"இதுல கடிக்கது எது மக்கா, வாலாட்டது எது?
எல்லாம் ஒரே மொளகாப்பழம்லா."

அதனால் முகங்கள்.

ஒரு வாரம் பிஸ்கட்டும் கையுமாய் அலைந்தான்.
நாய்க்கு நேராக நிற்கத் தெரியாது,
கிடைத்ததில் பாதி மூக்கு, மீதி கொட்டாவி.
நான் அவற்றை வட்டமாக வெட்டினேன்.
வட்டம் அழகு என்று எங்கோ படித்த புத்தி.
வட்டத்துக்கு வெளியே விழுந்தது இடது காது.
ஊசி முடிந்ததற்கு அடையாளமாய்
டாக்டர் பிரிசில்லா நுனி கத்தரித்து விடுவது
அந்தக் காதில்தான்.
கிட்டத்தட்ட அத்தனை பேரும் ஒரே நிமிடத்தில்
ஊசி போடாதவர்கள் ஆனார்கள்.
சதுரத்துக்குத் திரும்பினேன்.

அப்புறம் கடல்.
படத்தின் எந்தப் புள்ளி மண்ணைத் தொட வேண்டும்
என்று நான் சொல்லவில்லை.
செயலி தன் போக்கில்
மேல் இடது மூலையைப் பிடித்துத் தொங்கவிட்டது.
கிட்டத்தில் பார்த்தால் இரண்டு வீடு தள்ளி.
விரலைக் குவித்துச் சுருக்கச் சுருக்க
மணக்குடி ஒன்பதும் தெற்கே நழுவி
பொழிமுகம் தாண்டி
கப்பல் போகிற நீலத்தில் நின்று
கொட்டாவி விட்டன.
வேறு மாவட்டத்துக்காரனுக்கு இது சின்னப் பிழை.
நமக்குத் தெற்கே நிலம் இல்லை.

ஒரே வரிதான். கீழ் விளிம்பின் நடு.
நங்கூரம் அங்கே.
ஒன்பதும் நனையாமல் பாலத்தடிக்கு வந்து சேர்ந்தன.

கோட்டாற்றில் அறுபத்திரண்டு முகமும்
ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடந்தன,
மீன் வருகிற நேரத்துச் சந்தை போலவே.
செவலையைத் தொட்டால்
அதற்குப் பின்னால் படுத்திருந்த மூணுகாலன் திறப்பான்.
சதக்கின் கட்டைவிரலோ ஒரு முழுத் தெருவை மூடும்.
பழைய கடியின் தையல் வேறு,
திரை சிலநேரம் அதை விரலென்றே ஒப்புக்கொள்ளாது.
நெருங்கிப் போனால் முகங்கள் விலகும்படி செய்தேன்.
ஒவ்வொரு படத்தையும் சுற்றி
கண்ணுக்குத் தெரியாத ஓரம் ஒன்று வைத்தேன்.
ஏறத்தாழத் தொட்டால் போதும்,
சரியாகத் தொட்டதாக எடுத்துக்கொள்ளும்.
இத்தனை இரக்கத்தை
வேறு யாருக்கும் நான் எழுதியதில்லை.

மணக்குடிக் கறுப்பி மட்டும் முகம் தரவில்லை.
ஊசி முடிந்து வலை திறந்ததும் பாய்ந்தவள்.
படத்தில் கிடைத்தது வால், நுனியில் வெள்ளை.
"இது வேண்டாம், சாம்பல் வட்டம் வைக்கேன்" என்றேன்.
"சும்மா இருடே.
ஓடுகதுக்கு வாலுதான் முகம்."

ஆவணியில் ஒரு ஞாயிறு
ஆசாரிபள்ளம் ஆஸ்பத்திரி வராந்தாவிலிருந்து கூப்பிட்டான்.
பெயர் ரெக்ஸ்லின், வயது ஆறு,
கணுக்காலில் இரண்டு பல்.
வாசிக்கத் தெரியாது. தெருவின் பெயர் தெரியாது.
எப்படி இருந்தது என்று கேட்டால் அழுகை.
போனைக் கையில் கொடுத்ததும்
முகங்களை எல்லாம் தள்ளிக்கொண்டே போய்,
ஓடிப்போனதை மட்டும் பார்த்தவன்,
வாலைத் தொட்டானாம்.
அட்டை திறந்தது.
கறுப்பி. பெட்டை. ஊசி: மார்ச் எட்டு.

இருந்தாலும் அவனுக்கு ஊசிகள் போட்டார்கள்.
போடத்தான் வேண்டும்,
அதில் டாக்டரிடம் பேரம் நடக்காது.
அம்மா கேட்டாள் என்று
அவள் போனிலும் செயலியை ஏற்றிக் கொடுத்தான் சதக்கு.

மறுநாள் பதிவுகளைப் பார்த்தேன்.
இரவு பன்னிரண்டேகால் தொடங்கி நாலு மணிவரை
ஒரே போன், ஒரே படம், பதினேழு தடவை.
எத்தனை தடவை தொட்டாலும்
திறப்பது அதே அட்டை,
அதே தேதி.

அன்றைய திருத்தத்தில் வேறொன்றும் இல்லை.
தேதியின் எழுத்தை மட்டும்
இரண்டு அளவு பெரிதாக்கினேன்.